சார்ஜர் இருக்கு... வண்டிக்குப் பொருந்தணுமே!

மங்கலம்பேட்டை டீக்கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது 11 சதவீத சார்ஜ்தான் மிச்சம். உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்து விருத்தாசலம் போகும் வழி. வழியில் ஒரு சார்ஜிங் நிலையத்தில் ஏமாந்துவிட்டு வந்திருந்தேன். அங்கே மின்சாரம் இருந்தது, இயந்திரம் இருந்தது, வரிசைகூட இல்லை. ஆனால் அதில் தொங்கிய ‘கன்’ இரண்டு கையால் தூக்க வேண்டிய பருமன். என் ஸ்கூட்டரின் சார்ஜிங் துளையோ உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அது காருக்கானது.

“கிரைண்டர் பிளக் இருக்கு தம்பி, அதுல போட்டுக்குங்க” என்றார் டீக்கடைக்காரர். சீட்டுக்கு அடியில் இருந்த சார்ஜரை எடுத்துச் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. எர்த் சரியில்லை. “அப்ப பிரிட்ஜ் பாயின்ட்ல போடுங்க, அது புதுசா இழுத்தது” என்றார். பச்சை எரிந்தது. இரண்டு டீ, ஒரு மணி நேரம். வீடு போய்ச் சேரும் அளவுக்கு ஏறிவிட்டது.

பெரிய செலவில் எழுப்பிய நிலையம் கைவிட்டது, சுவரில் இருந்த மூன்று துளை காப்பாற்றியது. அந்த ஒரு மணி நேரமும் இதுதான் மனதில் ஓடியது.

மூன்று துளையின் பெருமை

நம் வீடுகளில் இருக்கும் உருண்டை முள் பிளக், பிரிட்டனில் 1934-ல் வெளியான பிஎஸ் 546 என்ற தரத்தின் வழிவந்தது. பிரிட்டன் 1947-ல் செவ்வக முள்ளுக்கு மாறத் தொடங்கியது. நாம் உருண்டை முள்ளையே வைத்துக்கொண்டு, ஐஎஸ் 1293 என்று நமக்கான தரத்தை எழுதிக்கொண்டோம். அதனால்தான் கோயம்புத்தூரில் செய்த கிரைண்டர் கடலூரில் ஓடுகிறது. மிக்ஸி வாங்கும்போது, “இது எங்க வீட்டு சாக்கெட்டில் பொருந்துமா?” என்று யாரும் கேட்பதில்லை. மின் வண்டி வாங்குகிறவர் மட்டும் இன்றும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஐந்து வகை கன்

இந்தியாவில் பொதுச் சார்ஜிங் தொடங்கியபோது ‘பாரத் ஏசி-001’, ‘பாரத் டிசி-001’ என்று இரண்டு வடிவங்கள் வந்தன. டிசி-001 அதிகபட்சம் 15 கிலோவாட் தரும். சீனாவின் ஜிபி/டி வடிவ கன் அதற்கு. அரசு அலுவலகங்களுக்காக வாங்கிய முதல் தலைமுறை மின் கார்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்னொரு பக்கம் ஜப்பானின் ‘சாடெமோ’. ‘ஒரு டீ சாப்பிடலாமா?’ என்ற ஜப்பானியப் பேச்சையும் நினைவூட்டும்படி வைத்த பெயர் அது. டீ குடித்து முடிப்பதற்குள் ஏறிவிடும் என்று பொருள். ஐரோப்பாவிலிருந்து ‘டைப்-2’, ‘சிசிஎஸ்-2’.

2018 டிசம்பரில் மத்திய மின் அமைச்சகம் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டபோது, பொது நிலையம் ஒவ்வொன்றிலும் இந்த ஐந்து வகையும் இருக்க வேண்டும் என்றது. எல்லாவற்றையும் வைத்தால் செலவு தாங்காது. பிறகு அந்த நிபந்தனை தளர்ந்து, எதை வைப்பது என்பது நடத்துபவர் விருப்பமானது. அதற்குள் சந்தையே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான், எம்ஜி இசட்எஸ் மின் கார்கள் இரண்டும் சிசிஎஸ்-2 துளையோடு வந்தன. அடுத்து வந்த கார்களும் பெரும்பாலும் அதே வழி. முன்பு நட்ட பழைய கன்கள் பல இடங்களில் வேலையற்றுத் தொங்கின.

ஆக, கார்களின் குழப்பம் ஓரளவு தீர்ந்துவிட்டது. ஆனால் மங்கலம்பேட்டை போன்ற ஊர்களில் மின் வண்டி என்றால் ஸ்கூட்டரும் ஆட்டோவும்தானே?

ஸ்கூட்டருக்கு வந்த தரம்

நாட்டின் மின் ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு நம் மாநிலத்தில்தான் தயாராகிறது. ஓசூரில் டிவிஎஸ், ஏதர். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் பிறந்தும், ஒன்றின் சார்ஜிங் வாய் இன்னொன்றுக்குப் பொருந்தாமலேயே இவை சாலைக்கு வந்தன.

சென்னை ஐஐடியின் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய ஏதர், 2021-ல் தன் கனெக்டர் வடிவத்தை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஹீரோவின் விடா அதை எடுத்துக்கொண்டது. 2023 அக்டோபரில் இந்திய தர நிர்ணய அமைவனம் அந்த வடிவத்தை ஐஎஸ் 17017, பகுதி 2, பிரிவு 6 என்று இலகு வாகனங்களுக்கான தரமாக்கியது. ஏசி, டிசி இரண்டு வகை மின்சாரத்துக்கும் ஒரே வாய். இந்தியாவிலேயே உருவானது. நாம் கொண்டாட வேண்டிய செய்தி இது. ஆனால் எல்லோரும் இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயத்தோடு அது வரவில்லை. தரம் ஏட்டில் இருக்கிறது, சாலையில் வாய்கள் இன்னும் வேறு வேறாகவே இருக்கின்றன.

மெல்லிய கம்பியில் நடக்கும் பேச்சு

வடிவம் பொருந்தினாலும் போதாது. சிசிஎஸ்-2 கன்னைக் கவனித்துப் பாருங்கள். மேலே ஏழு சின்னத் துளைகள், கீழே இரண்டு பெரிய துளைகள். பெரியவற்றில் டிசி பாயும். மேலே உள்ள ஒரு மெல்லிய கம்பியில்தான் வண்டியும் இயந்திரமும் பேசிக்கொள்ளும். செருகுமுன் அதில் 12 வோல்ட். செருகியதும் 9. வண்டி தயாரானதும் 6. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் வேண்டும் என்று வண்டி சொல்லும். காப்பு சரியா என்று இயந்திரம் சோதிக்கும். அதன் பிறகுதான் ‘டக்’ என்று உள்ளே இணைப்பு விழும். இந்தப் பேச்சு நடுவில் எங்கே அறுந்தாலும் ஒரு யூனிட்கூட ஏறாது. எர்த் இல்லாத பிளக்கில் என் சார்ஜர் சிவப்பு காட்டியதும் இதே எச்சரிக்கைதான். அது நம் உயிரைக் காக்கும் மறுப்பு. அதைக் குறை சொல்லக் கூடாது. எர்த்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

அடுத்த பூட்டு பணம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிச் செயலி, தனி வாலட், முன்கூட்டியே போட வேண்டிய தொகை. 2024 ஏப்ரல் 13-லிருந்து ஐரோப்பாவில் புதிதாக நடும் பொதுச் சார்ஜர்கள், பதிவு எதுவும் செய்யாதவரிடமும் பணம் வாங்கிக்கொண்டு சார்ஜ் தர வேண்டும் என்பது சட்டம். 2016-லிருந்து யுபிஐ வைத்திருக்கும் நமக்கு இது முடியாதா? இட்லிக் கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை, சார்ஜிங் கம்பத்தில் ஏன் இருக்கக் கூடாது?

டீக்கடையே நிலையம்

வழி ஏற்கெனவே போட்டாயிற்று. சார்ஜிங் என்பது சேவை, மின்சார விற்பனை அல்ல, தனி உரிமம் வேண்டியதில்லை என்று 2018 ஏப்ரலிலேயே மத்திய மின் அமைச்சகம் தெளிவுபடுத்திவிட்டது. ஸ்கூட்டர், ஆட்டோக்களுக்காக 3 கிலோவாட் வரை தரும் எளிய சார்ஜிங் முனையை 3,500 ரூபாய்க்குள் செய்ய வேண்டும் என்ற இலக்கு 2021-ல் வகுக்கப்பட்டது. மளிகைக் கடையிலும் மாட்டலாம் என்பதுதான் அதன் நோக்கமே. 2024-ல் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பொதுச் சார்ஜிங்குக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு.

அந்தப் பணம் கம்பமாக மண்ணில் இறங்குமுன் மூன்று காரியம் நடக்க வேண்டும். கார் நிலையமாகவே இருந்தாலும் முறையான எர்த்தோடு ஒரு 15 ஆம்ப் சாக்கெட் அங்கே இருக்கட்டும். எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று வாசலில் தமிழில் படத்தோடு பலகை வைக்கட்டும். ஸ்கூட்டருக்கான ஒரே வாய்க்கு ஒரு கெடு தேதி வரட்டும்.

அடுத்துள்ள விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிலகம் இருக்கும் ஊர். களிமண் காயும்போதும் சுருங்கும், சூளையில் வேகும்போதும் சுருங்கும். அதனால் பீங்கானில் வரும் திருகாணித் துளையின் அளவை, அந்தச் சுருக்கத்தையும் கணக்கில் வைத்து அச்சிலேயே தீர்மானிப்பார்கள். வெந்து வந்த பீங்கானைப் பிறகு இழுத்து நீட்ட முடியாது. சார்ஜிங் நிலையங்கள் இப்போதுதான் அச்சில் இருக்கின்றன.

கிளம்பும்போது, “எவ்வளவு கரன்ட் இழுத்திருக்கும் தம்பி?” என்று கேட்டார் டீக்கடைக்காரர். “முக்கால் யூனிட் இருக்கும்ணே.” கொடுத்த இருபது ரூபாயில் பத்தைத் திருப்பித் தந்துவிட்டு, அந்தச் சிவப்பு விளக்கு எரிந்த பிளக்கைக் காட்டினார்: “எலக்ட்ரீஷியனை வரச் சொல்லணும். நாளைக்கு வேற யாராவது வருவாங்க.”