ஆமை நடைக்குக் கிளம்புறீங்களா? செல்போன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்!

ஜனவரி பிறந்தால் சென்னைக் கடற்கரைக்கு ராத்திரியில் விருந்தாளிகள் வருவார்கள். ஒவ்வொருவரும் ஏறக்குறைய 40 கிலோ எடை, இரண்டடி நீளம். ஆலிவ் ரிட்லி எனப்படும் இந்தக் கடல் ஆமைக்கு நம் ஊர்ப் பெயர் பங்குனி ஆமை. ஆள் நடமாட்டம் அடங்கியதும் பெண் ஆமை கரையேறி, பின்னங்கால்களால் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். எல்லாம் ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை.

அந்த முட்டைகளைத் தேடி ராத்திரியில் நடப்பதுதான் ஆமை நடை. 1970-களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேகர் போன்ற சிலர் தொடங்கிய பழக்கம் இது. 1988 முதல் எஸ்.எஸ்.டி.சி.என். என்கிற மாணவர் அமைப்பு தொடர்ந்து நடத்திவருகிறது. நீலாங்கரையில் ஆரம்பித்து பெசன்ட் நகர் வரை, கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். வனத்துறையும் கடலோர மாவட்டங்களில் முட்டைகளைச் சேகரித்து, பொரிப்பகம் அமைத்துப் பாதுகாக்கிறது.

நடையில் என்ன செய்வார்கள்? முதலில் தடத்தைத் தேடுவார்கள். டிராக்டர் டயர் போன மாதிரி மணலில் ஒரு தடம் ஏறும், இன்னொன்று இறங்கும். இரண்டும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் முட்டைக் குழி. பார்த்தவுடன் தெரியாது, ஏனென்றால் ஆமை அதன் மேல் உடம்பை ஆட்டி ஆட்டி மணலைப் பரப்பிவிட்டுப் போயிருக்கும். தன்னார்வலர்கள் மெல்லிய குச்சியால் மணலைக் குத்திப் பார்த்து, இளகலான இடத்தைக் கண்டுபிடித்துக் கையால் தோண்டுவார்கள். குழி ஒரு பானை மாதிரி இருக்கும்: வாய் குறுகல், அடி அகலம், ஆழம் ஒன்றரை அடி. உள்ளே டேபிள் டென்னிஸ் பந்து போல வெள்ளை முட்டைகள். எண்ணி எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில், அதே வடிவக் குழியில் புதைப்பார்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் இதை முடித்தாக வேண்டும். தாமதமானால், உருட்டிப் புரட்டும்போது உள்ளே வளரும் கரு சேதமாகிவிடும்.

மணலின் சூட்டைப் பொறுத்து 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளியே வரும். சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்க, அடுத்த அரை மணி நேரம் கேள்வி நிற்காது.

சரி, முட்டையை ஏன் இடம் மாற்ற வேண்டும்? நாய்கள் தோண்டித் தின்னும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நம்ம வெளிச்சம். ராத்திரியில் பொரிந்து வரும் குஞ்சு, அடிவானத்தில் எந்தப் பக்கம் அதிக வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். ஒரு காலத்தில் அது நட்சத்திர ஒளி பட்ட கடல். இப்போது தெருவிளக்கும், ஹோட்டல் போர்டும், கடலோர வீட்டு மாடி பல்பும்தான் பிரகாசம். குஞ்சு சாலைப் பக்கம் ஓடிப்போய், வண்டியில் அடிபட்டோ காலை வெயிலில் காய்ந்தோ செத்துப்போகும்.

செல்போன் விஷயம் இங்கேதான் வருகிறது. ஒரு ஃபிளாஷ் போதும், கரையேறும் தாய் ஆமை மிரண்டு முட்டையிடாமலே திரும்பிவிடலாம். எனவே நடையில் டார்ச் கிடையாது, ஃபிளாஷ் கிடையாது. நிஜமாகவே ஆமையைப் பார்த்தால் சத்தமில்லாமல், அதன் பின்பக்கமாகத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். முதல் பத்து நிமிடம் இருட்டு பயமாக இருக்கும். அப்புறம் கண் பழகிவிடும். வளைக்குள் ஓடி ஒளியும் நண்டுகூடத் தெரிய ஆரம்பிக்கும்.

இரண்டு விஷயத்தைக் கிளம்புவதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். ஒன்று, பல இரவுகளில் ஆமை வராது. நான் போன முதல் இரவிலும் வரவில்லை, கால்வலி மட்டும்தான் மிச்சம். இரண்டு, இறந்த ஆமை கண்ணில் படலாம். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. ஆமைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். மேலே வந்து மூச்சு விட வேண்டும். இழுவலையில் மாட்டினால் மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். "மீனைப் போல நீந்துது, அப்புறம் எப்படி மூழ்கும்?" என்று குழந்தை கேட்கும். அதற்கு இதுதான் பதில். மறைக்க வேண்டாம்.

ஏழு கிலோமீட்டர் மணல் நடை, அதுவும் தூங்கும் நேரத்தில், சின்னக் குழந்தைகளுக்கு ஆகாது. அவர்களுக்கு ஏற்றது குஞ்சு விடும் மாலை. பிப்ரவரி கடைசியில் இருந்து, பொரிப்பகத்தில் குஞ்சுகள் வெளிவரும் நாட்களில், பொழுது சாயும் நேரத்தில் கடலில் விடுவார்கள். கூட்டம் பாதையை மறிக்காமல் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். குஞ்சைக் கையில் எடுக்க ஆசைதான் வரும். எடுக்கக் கூடாது. வன உயிரின பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் இது. முட்டையை எடுப்பதும் குஞ்சை வைத்திருப்பதும் குற்றம். செல்ஃபிக்காகத் தூக்கினாலும் சரி, அனுமதி இல்லை.

பகலில் கடற்கரைக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு விளையாட்டு: ஆமைக் குழி தோண்டுவது. வாய் குறுகலாக, அடி அகலமாக, கையை மட்டும் வைத்துத் தோண்ட வேண்டும். ஈர மணல் வரும் வரை போனால்தான் சுவர் சரியாமல் நிற்கும். ஆமை ஏன் அந்த ஆழத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்பது பிள்ளைக்கே புரிந்துவிடும். முடித்ததும் குழியை மூடி, மணல் வீட்டையும் தட்டிச் சமமாக்கிவிட்டு வாங்க. ராத்திரி கடலை நோக்கி ஓடும் குஞ்சு அந்தக் குழியில் விழுந்தால் ஏற முடியாது.

நடை நாள், முன்பதிவு, வயது வரம்பு எல்லாம் ஒவ்வொரு பருவத்திலும் மாறலாம். அமைப்பின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களைத் தனியாக அனுப்ப வேண்டாம், பெரியவர் ஒருவர் கூடவே நடக்கணும். தண்ணீர் பாட்டில், நனைந்தாலும் பரவாயில்லாத செருப்பு போதும். உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண்ணை இப்போதே போனில் சேமித்து வையுங்கள். கரையில் ஆமையையோ முட்டைக் குழியையோ பார்த்தால் தொடாமல், நாய்களை அண்டவிடாமல், அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு இடத்தைச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் 112. கூப்பிடும்போது ஸ்க்ரீன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பேசுங்கள்.