கையெழுத்துப் போட்டவர் எங்கே?

2005 ஆகஸ்ட். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஃபார்மிங்டன் என்ற ஊர். சாலைச் சந்திப்பில் ஒரு பிக்கப் வண்டியைப் பின்னாலிருந்து இடித்தார் புல்கமிங் என்பவர். கண் சிவந்திருந்தது, வாயில் சாராய நெடி. போலீஸ் வருவதற்குள் நழுவினார்; சிக்கினார். ஊத மாட்டேன் என்றார். வாரன்ட் வாங்கி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். 100 மில்லி ரத்தத்தில் 210 மில்லிகிராம் ஆல்கஹால். நம் சட்டத்தின் வரம்பு 30, ஏழு மடங்கு!

இதில் வாதாட என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். விசாரணை நாளன்று அரசு வக்கீல் ஒரு குண்டு போட்டார்: ரத்தத்தைப் பரிசோதித்துக் கையெழுத்திட்டவர் வரமாட்டார், சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டிருக்கிறார். காரணம்? சொல்லவில்லை. அவருக்குப் பதிலாகக் கூண்டேறியவர் அதே ஆய்வகத்தின் இன்னொரு நிபுணர். அந்தப் பரிசோதனையைச் செய்தவரும் அல்ல, பார்த்தவரும் அல்ல.

மேல்முறையீட்டில், எண்ணைச் சொன்னது இயந்திரம், ஆய்வாளர் அதை எழுதிக்கொண்டவர் மட்டுமே என்றது மாநில உச்ச நீதிமன்றம். வழக்கு வாஷிங்டனில் உள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பெர்க் அறிக்கையை வரி வரியாகப் பிரித்தார். சீல் உடையாமல் வந்தது, புட்டியின் எண்ணும் அறிக்கையின் எண்ணும் ஒன்றே, விதிப்படியே சோதித்தேன், குறிப்புக்கான கட்டம் காலி, அதாவது வழியில் கோளாறு ஏதும் இல்லை. இத்தனைக்கும் சேர்த்துத்தான் அந்தக் கையெழுத்து. இவற்றில் எதை இயந்திரம் சொன்னது? 'உங்களை ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள்?' என்ற கேள்வியை வந்த மாற்றாளிடம் கேட்டு என்ன பயன்?

2011 ஜூன் 23. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு: சோதித்தவரையே குறுக்கு விசாரணை செய்யும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு. ஆய்வாளர்கள் கோர்ட் கோர்ட்டாக அலைந்தால் ஆய்வக வேலை என்னாவது என்று எதிர்த்தவர்கள் கவலைப்பட்டார்கள். நியாயமான கவலைதான். ஆனாலும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் தாளுக்கு முகம் வேண்டாமா?

நம் நாட்டில் கதை வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 329-வது பிரிவுப்படி, அரசு ரசாயனப் பரிசோதகரின் அறிக்கையை அவர் வராமலே சாட்சியமாக ஏற்கலாம். அவரைக் கூண்டுக்கு அழைப்பது நீதிமன்றத்தின் விருப்பம். சந்தேகம் இருந்தால், அழைக்கச் சொல்லி உங்கள் வக்கீலை மனுப் போடச் சொல்லுங்கள்.