மலை கடந்து ஏரிக்கரைக்கு



கோடை விடுமுறை வந்துவிட்டால் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் பெரும்பாலோர் நாடுவது தெற்கே செல்லும் ரயிலைத்தான். ஏதேனும் ஓர் ஆண்டு வடக்கே போய்ப் பார்ப்போமே என்று புறப்படும் குடும்பங்களும் இப்போது உண்டு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அமைந்த வாகனத்தை, அதாவது சினிமாக்காரர்களால் நமக்குப் பழக்கமாகிவிட்ட கேரவனை, வாடகைக்கு எடுத்துக்கொண்டு லடாக் வரை செல்கின்றனர். அவ்வாறு சென்று பாங்கோங் ஏரியருகே தங்க விரும்புவோர் வழியை எங்ஙனம் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

கேரவன் என்னும் சொல்லின் பிறப்பிடம் பாரசீகம். கூட்டமாகச் செல்லும் வணிகரைப் பழந்தமிழர் சாத்து என்றனர். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரிலும் அச்சொல் நிற்கிறது. லே நகரம் பல நூற்றாண்டுகள் அத்தகைய சாத்துகள் கூடிய சந்தை. காரகோரம் கணவாயைக் கடந்து யார்க்கந்து வரை சென்றவர்கள், இன்று எவ்வளவு தூரம் போகலாம் என்று முதலில் எண்ணவில்லை. இன்றிரவு எங்கே தங்கினால் விலங்குகளுக்குப் புல்லும் நீரும் கிட்டும் என்றே எண்ணினார்கள். நாமும் இரவுத் தங்கலை முதலில் குறித்துக்கொண்டு வழியைப் பின்னரே தேட வேண்டும். நாம் பார்க்க வேண்டியது புல் அன்று, காற்று.

பாங்கோங் ஏரி சமுத்திர மட்டத்திற்குச் சுமார் 4,250 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே சென்றபின், ஓர் இரவு உறங்கும் இடத்திற்கும் மறுநாள் இரவு உறங்கும் இடத்திற்கும் 500 மீட்டருக்கு மேல் உயர வேறுபாடு இருத்தல் ஆகாது என்பது மருத்துவர் வகுத்த விதி. பகலில் உயர்ந்த கணவாய் ஒன்றைக் கடந்து கீழே இறங்கிவிடுவது அவ்வளவு பெரிய தீங்கன்று. உறங்கும் உயரமே கணக்கு.

தில்லியிலிருந்து குறுக்கு வழி மணாலி வழி. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின் ரோத்தாங் ஏற்றமும் இல்லை. ஆயினும் முதன்முறை செல்வோர் ஏறுவதற்கு அவ்வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மணாலியின் உயரம் சுமார் 2,050 மீட்டர். மறுநாள் பலர் உறங்கும் சர்ச்சு ஏறத்தாழ 4,300 மீட்டர். நான் முதல் தடவை சென்றபோது அங்கேதான் தங்கினேன். நள்ளிரவில் உடன்வந்த உறவினருக்குத் தலைவலியும் வாந்தியும் கண்டன. கீழே இறங்குவதே மருந்து என்று அறிவோம். ஆனால் எப்படி இறங்குவது? தெற்கே 4,890 மீட்டரில் பாராலாச்சா கணவாய். வடக்கே அதைவிட உயர்ந்த லாச்சுலுங் கணவாய். எத்திசையில் இறங்கவும் முதலில் ஏறியாக வேண்டும்! அந்த இரவின் நீளத்தை நான் மறக்கவில்லை.

ஸ்ரீநகர் வழி தூரம் மிக்கது, படிகள் நல்லவை. ஸ்ரீநகர் 1,600 மீட்டர், சோனமார்க் 2,700-க்குச் சற்று மேல். அங்கிருந்து 3,528 மீட்டர் உயரமுள்ள சோஜி கணவாயைக் கடந்தால், கார்கில் மீண்டும் 2,700 மீட்டரில் தாழ்ந்து கிடக்கிறது. அடுத்த இரவு லே, 3,500 மீட்டர். இது சற்றுப் பெரிய படி. ஆதலால் லேயில் மூன்று இரவுகள் வேலையின்றிக் கிடப்பது உத்தமம். குழந்தைகளையும் ஓடவிடவேண்டாம். பின்னர் 5,300 மீட்டருக்கும் மேற்பட்ட சாங் கணவாயைப் பகலில் கடந்து, சுமார் 4,000 மீட்டரில் உள்ள தாங்சேயில் ஓர் இரவு. அதன்பின் ஏரி. லேயிலிருந்து ஏரிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான்; ஒரே நாளில் போய்விடலாம். போகலாம் என்பதற்காகப் போகவேண்டும் என்பதில்லை.

தள்ளாட்டம், மனக்குழப்பம், சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால் விடியும்வரை காத்திராமல் இறங்கிவிடுக. நெஞ்சு நோய் உள்ளவர் புறப்படுமுன் மருத்துவரைக் காண்பது அவசியம்.

வாகனம் குட்டையாகவும் எடை குறைந்ததாகவும் இருக்கட்டும். பின்னால் இழுத்துச் செல்லும் வகை அக்குறுகிய வளைவுகளுக்கு ஏற்றதன்று. உயரத்தில் இயந்திரமும் மூச்சு வாங்கும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கீழ் கியரில் இறங்குக.

சமையலைப் பற்றி ஒரு வார்த்தை. ஏரிக்கரையில் தண்ணீர் 86 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் துவரம்பருப்பு மலராது, சோறும் நடுவில் அரிசியாகவே நிற்கும். பிரஷர் குக்கர் இன்றிப் புறப்படாதீர்கள். குளிருக்கு அஞ்சிக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு அடுப்பையோ கரிக்கணப்பையோ எரிய விடுவது உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடு தருவதும் தலைவலிதான்; மலைநோய் என்று நினைத்துப் படுத்தவர் எழாமலே போகக்கூடும்.

பாங்கோங் 134 கிலோமீட்டர் நீளமான உப்பு ஏரி. அதன் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் உள்ளது. அதிலிருந்து வெளியேறும் ஆறு ஒன்றும் இல்லை. ஆகவே அதில் சேர்வது எதுவும் அதிலேயே தங்கும். வண்டியைக் கரை மணலில் இறக்காமல், ஸ்பாங்மிக், மான், மேராக் முதலிய ஊர்களில் முகாம் நடத்துவோரிடம் இடம் கேட்டு நிறுத்துங்கள். கழிவுத் தொட்டியை அங்கே திறக்கவேண்டாம். லேயிலேயே காலி செய்து வந்து, மூடியபடி திரும்பக் கொண்டுபோங்கள். எல்லைப்புறம் ஆதலால் அனுமதி விதிகள் மாறும். அவற்றையும் லேயில் விசாரித்துக்கொள்க.

திரும்பும்போது மணாலி வழியில் வரலாம். உடம்பு பழகிவிட்டதால் சர்ச்சு அப்போது அச்சம் தராது. ஆனால் அங்கிருந்து விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பாராலாச்சாவுக்குத் தெற்கே சாலையின் குறுக்கே ஓடும் பனிநீர் ஓடைகள் காலையில் கணுக்கால் அளவாய் இருந்து, வெயில் ஏற ஏறப் பெருகி, பிற்பகலில் வண்டியை மறித்துவிடும்.