‘ஸ்டவ் வெடிச்சிருச்சு’ன்னு சொன்னாங்களா?

வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுல ஷிஃப்ட் மாறுற நேரத்துல நின்னு, ஒரகடம் போற கம்பெனி பஸ்களை எண்ணிப் பாருங்க பாஸ்... எண்ணி மாளாது! இந்த ஏரியாவுல ‘தீ விபத்து’ன்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது பாய்லர், பெயின்ட் ஷாப், குடோன்தான். 2022 செப்டம்பர் 28-ம் தேதி, பக்கத்துல தேவரியம்பாக்கத்துல கேஸ் சிலிண்டர் குடோன் எரிஞ்சுது. பத்துப் பேருக்கு மேல் தீக்காயம். சிலர் நாட்கள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்கள். டி.வி.யெல்லாம் அதே செய்தி.

ஆனா, அதிகம் பேரைக் கொன்ற தீ குடோன்ல இல்லை, அடுப்பங்கரையில!

2009-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, 2001-ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000 பேருக்கு மேல் என்று மதிப்பிட்டது. போலீஸ் கணக்கைப்போல ஆறு மடங்கு! அதில் பெண்கள் சுமார் 1,06,000. பெரும்பாலும் 15 முதல் 34 வயது, அதாவது உங்க வயசு, உங்க அக்கா வயசு. இளம் ஆண் ஒருவருக்கு இளம் பெண்கள் மூன்று பேர். அமெரிக்கா மாதிரி நாடுகளில் தீயில் அதிகம் சாவது ஆண்கள்தான். இங்கே மட்டும் கணக்கு ஏன் தலைகீழ்?

மண்ணெண்ணெய் அடுப்பும் நைலக்ஸ் புடவையும் ஒரு காரணம். முழுக் காரணம் அதுவே இல்லை என்பது தடயவியல் டாக்டர்களுக்குத் தெரியும். மூச்சுக்குழாயில் கரி படிந்திருந்தால், தீப்பிடித்தபோது உயிர் இருந்தது என்று அர்த்தம். அடுப்பிலிருந்து பற்றினால் வழக்கமாக வயிறு, தொடை, கைகள் என முன்பக்கம் அதிகம் வேகும். தலையில் ஊற்றியிருந்தால் முடி, முகம், தோள் என்று மேலிருந்து கீழே இறங்கும். (கை முஷ்டி மடங்கியிருந்தால் ‘சண்டை போட்டிருக்கா’ன்னு சினிமா பாணியில் முடிவு கட்டாதீங்க. சூட்டில் தசை சுருங்கினாலே அப்படித்தான் ஆகும்.)

ஆனா, ஊற்றியது அவளேவா, வேறு கையா? அதை உடம்பு பெரும்பாலும் சொல்லாது. அவள்தான் சொல்லணும்.

சொல்லவும் முடியும். எண்பது சதவிகிதம் வெந்தவர்கூட முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசலாம். ஆழமான காயத்தில் நரம்பு நுனிகளே கருகிவிடுவதால் அந்த இடத்தில் வலிகூடத் தெரியாது. ‘நல்லாத்தானே பேசுறா, பிழைச்சுக்குவா’ன்னு வீட்டுல நினைப்பாங்க. அந்த நேரத்தில்தான், பேசும் நிலையில் இருக்கிறார் என்று டாக்டர் சான்று தர, மாஜிஸ்திரேட் மரண வாக்குமூலம் வாங்குவார். சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கணும். கட்டிலுக்குப் பக்கத்துல மாமியாரும் புருஷனும் நின்னா, பெத்த குழந்தை இனி அவங்ககிட்டதானே வளரணும்னு நினைக்கிற பொண்ணு என்ன சொல்வா? ‘ஸ்டவ் வெடிச்சிருச்சு.’

கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் இப்படி இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. 1986-ல் வந்த 304-பி வரதட்சணை மரணப் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 80-ம் பிரிவு.

உங்க தெருவுல யாருக்காவது தீப்பிடிச்சா இங்க், டூத்பேஸ்ட், இட்லி மாவு எதையும் பூசாதீங்க. 20 நிமிஷம் குழாய்த் தண்ணி ஓடணும். வளையல், மோதிரத்தை உடனே கழற்றணும், வீக்கம் வந்தா வராது. 108-க்கு போன் பண்ணுங்க. அவங்க பேசுறதைக் காது கொடுத்துக் கேளுங்க.

அப்புறம், அந்த அடுப்பைப் பாருங்க. வெடிச்ச ஸ்டவ் முழுசா நிக்காது. கேஸ் கசிஞ்சு பத்தியிருந்தா சமையல்கட்டுலயும் அதோட தடம் இருக்கும். பொண்ணு மட்டும் எரிஞ்சு, சுவத்துல காலண்டர் அப்படியே தொங்கினா, அதையும் விசாரிக்க வர்றவங்ககிட்ட சொல்லுங்க.