கூட்டணிக்குத் தயாரான படை: போலந்தின் அனுபவம்

'நேட்டோ' என்ற பெயரை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். 1949-ல் தோன்றிய ராணுவக் கூட்டணி அது. உறுப்பு நாடு ஒன்று தாக்கப்பட்டால் அதை அனைவர் மீதும் நடந்த தாக்குதலாகக் கருத வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நம் நாடு எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராத நாடு. ஆகவே, அப்படிச் சேர ஒரு நாட்டின் படைகள் என்ன பாடுபட வேண்டும் என்று நாம் யோசித்திருக்க மாட்டோம். தலைவர்கள் கையெழுத்திட்டால் போதாதா? போதாது என்பதற்குப் போலந்து நல்ல உதாரணம்.

1939 செப்டம்பர் 1-ம் தேதி ஜெர்மனி போலந்தைத் தாக்கியது. 17-ம் தேதி கிழக்கிலிருந்து சோவியத் படைகள் நுழைந்தன. நட்பு நாடுகளான பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனி மீது போர் அறிவித்தன. ஆனால் போலந்து மண்ணுக்கு உதவிப் படை வந்து சேரவில்லை. காகிதத்தில் உள்ள வாக்குறுதி மட்டும் காப்பாற்றாது என்பதைப் போலந்து மக்கள் அன்றே உணர்ந்தார்கள்.

உலகப் போருக்குப் பின் நாடு சோவியத் பிடியில் சிக்கியது. 1955-ல் வார்சா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டபோது போலந்து ராணுவத்தின் டாங்கிகள் சொந்த நகரங்களின் வீதிகளிலேயே வந்து நின்றன. 1991-ல் வார்சா ஒப்பந்தம் கலைந்தது. 1993 செப்டம்பரில் கடைசி ரஷ்ய வீரர்களும் வெளியேறினார்கள். அதன் பின்தான் நேட்டோவை நோக்கிய பயணம் வேகமெடுத்தது.

முதல் சிக்கல் கருவிகளில் இருந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போகையில் சென்னை சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு எழும்பூர் சென்று மீட்டர் கேஜ் வண்டி பிடித்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டும் ரயில்தான், ஆனால் ஒன்றின் பெட்டி மற்றதன் தண்டவாளத்தில் ஓடாது. போலந்துப் படையின் நிலையும் அதுவே. அதன் கலாஷ்னிகோவ் துப்பாக்கியின் 7.62 மில்லிமீட்டர் தோட்டா, நேட்டோவின் 5.56 மில்லிமீட்டர் துப்பாக்கியில் நுழையாது. போலந்து டாங்கியின் பீரங்கி 125 மில்லிமீட்டர். ஜெர்மன் டாங்கிக்கோ 120. போலந்தின் மிக் விமானங்கள் உயரத்தை மீட்டரில் காட்டின. மேற்கத்திய விமானங்கள் அடிக் கணக்கில் காட்டின. வருகிற விமானம் நண்பனுடையதா, பகைவனுடையதா என்று ரேடாருக்குப் பதில் சொல்லும் கருவியும் சோவியத் முறையில் அமைந்தது. அதை மாற்றாவிட்டால் நண்பனே நண்பனைச் சுட்டு வீழ்த்த நேரிடும்!

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் பணம் ஏது? எனவே தகவல் தொடர்பு, வான் பாதுகாப்பு போன்ற அவசியமானவற்றுக்கு முதலிடம் தந்து, பழைய டாங்கிகளையும் விமானங்களையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

அடுத்தது மொழி. போலந்து அதிகாரிகளில் பெரும்பாலோர் ரஷ்ய மொழி பயின்றவர்கள். நேட்டோவில் புழங்குவதோ ஆங்கிலம். தலை நரைத்த அதிகாரிகளும் வகுப்பறையில் அமர வேண்டியிருந்தது. பிழைக்க வந்த ஊரில் நடுவயதில் புதுமொழி கற்ற நம்மவர்களுக்கு இந்தச் சிரமத்தை விளக்க வேண்டியதில்லை. 1994-ல் பொஸ்னான் நகருக்கு அருகே நடந்த கூட்டுப் பயிற்சியும், 1996 முதல் போஸ்னியாவில் நேட்டோ தலைமையின் கீழ் ஆற்றிய அமைதிப் பணியும் அவர்களுக்கு நல்ல பள்ளிக்கூடங்களாயின.

எல்லாவற்றிலும் கடினமானது மூன்றாவது: படை யாருக்குக் கட்டுப்பட்டது என்ற கேள்வி. 1994 செப்டம்பர் இறுதியில் திராவ்ஸ்கோ என்னுமிடத்தில் குடியரசுத் தலைவர் வாவென்சா (நாளிதழ்களில் 'லேக் வலேசா') தளபதிகளோடு விருந்தில் அமர்ந்தார். அங்கே தளபதிகள் பாதுகாப்பு அமைச்சர் மீது நம்பிக்கையில்லை என்று தெரிவித்தார்கள். சில வாரங்களில் அமைச்சர் பதவி இழந்தார். நம் நாட்டில் இப்படி நடந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்குப் படை கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பதை நேட்டோ 1995-ல் வெளியிட்ட விரிவாக்க ஆய்வறிக்கை வலியுறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் போலந்து இயற்றிய சட்டம், தலைமைத் தளபதியைப் பாதுகாப்பு அமைச்சரின் கீழ்க் கொண்டுவந்தது. 1997 மார்ச்சில், அதிகாரத்தை விட்டுக்கொடுக்க விரும்பாத தலைமைத் தளபதி வீலெட்ஸ்கியை அப்போதைய குடியரசுத் தலைவர் குவாஷ்னியெவ்ஸ்கி பதவியிலிருந்து நீக்கினார். அவ்வாண்டு வந்த அரசியல் சட்டமும் படைகள் அரசியலில் நடுநிலை காக்க வேண்டும், ஜனநாயகக் கட்டுப்பாட்டில் இயங்க வேண்டும் என்று வகுத்தது.

1997 ஜூலையில் மாட்ரிட் மாநாட்டில் அழைப்பு வந்தது. 1999 மார்ச் 12-ல் செக் குடியரசு, ஹங்கேரி ஆகியவற்றோடு போலந்தும் உறுப்பு நாடானது. அதே ஆண்டு செப்டம்பரில் போலந்தின் ஷெச்சின் நகரில் ஜெர்மானிய, டேனிஷ், போலந்து அதிகாரிகள் சேர்ந்து பணியாற்றும் கூட்டுத் தலைமையகம் திறக்கப்பட்டது. சரியாக 60 ஆண்டுகளுக்கு முன் தங்கள் மண்ணைத் தாக்கிய நாட்டின் அதிகாரிகளோடு போலந்து வீரர்கள் ஒரே மேசையில் அமர்ந்தார்கள்.

அமெரிக்காவின் எஃப்-16 போர் விமானங்கள் போலந்துக்கு வந்தது 2006-ல்தான். அதாவது, உறுப்பினராகி ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு. ஆயுதங்களைத் தவணை முறையில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சீருடை அணிந்தவர் மக்களின் பிரதிநிதிக்குக் கட்டுப்படும் பழக்கத்தைக் கடனாகப் பெற முடியாது. கூட்டணியில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் எந்த நாட்டுக்கும் அது வேண்டியதே.