கார் ஸ்டார்ட் ஆனதும் 'கிரீச்' சத்தமா? பெல்ட்டை மாத்துறதுக்கு முன்னாடி இதைக் கவனிங்க

டெல்லியில் டிசம்பர் மாதக் காலை. காரை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு 'கிரீச்'. பத்து விநாடியில் அதுவாகவே நின்றுவிடுகிறது. மும்பையில் ஜூலை மழையில், ரோட்டில் தேங்கிய தண்ணீரைக் கடந்ததும் அதே சத்தம். பெங்களூரு டிராஃபிக்கில் ஏசியைப் போட்ட நொடியில் மறுபடியும் அதே 'கிரீச்'. கேட்பதற்கு எல்லாம் ஒரே சத்தம்தான். காரணம் மட்டும் ஒன்றல்ல.

ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் பெரும்பாலும் வரும் பதில்: "பெல்ட் போயிடுச்சு சார், மாத்திடலாம்." மாற்றியதும் சில நாள் அமைதி. அப்புறம் பழைய கதைதான். ஏன்னா, பல நேரங்களில் கோளாறு பெல்ட்டில் இருக்காது. அதை வழுக்க வைக்கும் வேறொரு பாகத்தில் இருக்கும். சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

எந்த பெல்ட் இது?

நம்ம ஊரில் இன்னமும் 'ஃபேன் பெல்ட்' என்றுதான் சொல்கிறோம். இப்போதைய கார்களில் ரேடியேட்டர் ஃபேன் பெரும்பாலும் மோட்டாரில் ஓடுகிறது. பெல்ட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் பெல்ட்டுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. எஞ்சினின் கிராங்க் புல்லியிலிருந்து சுழற்சியை எடுத்து, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் ஆகியவற்றை இதுதான் ஓட்டுகிறது. பல கார்களில் எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப்பும் இதில்தான் ஓடும். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில் அதன் பம்ப்பும் இதே பெல்ட்டை நம்பித்தான் இருக்கிறது.

பெல்ட் புல்லியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். பிடி தளர்ந்து வழுக்கினால் ரப்பர் அதிர்ந்து கத்துகிறது. அந்த 'கிரீச்'சுக்கு அர்த்தம் அவ்வளவுதான்.

டைமிங் பெல்ட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மூடிக்குள் இருக்கும் தனி பெல்ட். பல் வைத்தது என்பதால் பொதுவாக இப்படி வழுக்கிக் கத்தாது.

முதலில், சத்தம் பெல்ட்டிலிருந்துதான் வருதா?

வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து லேசாக ஆக்சிலரேட்டரை அழுத்துங்க. எஞ்சின் வேகத்தோடு சத்தமும் மாறினால், அது பெல்ட் அல்லது பெல்ட் ஓட்டும் பாகங்களில் ஒன்றாக இருக்கலாம். வண்டி நகரும்போது மட்டும், அல்லது பிரேக் போடும்போது மட்டும் வந்தால், பிரேக் பேடையும் வீல் பேரிங்கையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எப்போது கத்துகிறது?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் மட்டும்: ராத்திரிப் பனியின் ஈரம் பெல்ட்டில் இருக்கும். ஸ்டார்ட் செய்யச் செலவான கரண்ட்டை பேட்டரிக்குத் திருப்பித் தர ஆல்டர்னேட்டரும் கூடுதலாக உழைக்கும். எப்போதாவது வந்தால் கவலை இல்லை. தினமும் வந்தால், விநாடிகள் கூடிக்கொண்டே போனால், பெல்ட்டின் இறுக்கத்தையும் பேட்டரியையும் சேர்த்தே சோதிக்கச் சொல்லுங்க. பலவீனமான பேட்டரி ஆல்டர்னேட்டரின் சுமையைக் கூட்டும்; அந்தச் சுமை பெல்ட்டின் மேல்தான் விழும்.

ஏசி போட்டதும்: கம்ப்ரஸரின் சுமையைப் பெல்ட்டால் தாங்க முடியவில்லை. இறுக்கம் குறைந்திருக்கலாம், அல்லது கம்ப்ரஸரே இறுகத் தொடங்கியிருக்கலாம்.

ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பும்போது: ஹைட்ராலிக் ஸ்டீயரிங் என்றால் அதன் பம்ப் பக்கம் பாருங்க. எலக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் பம்ப்பே கிடையாது. ஆனாலும் அது இழுக்கும் கரண்ட்டால் ஆல்டர்னேட்டரின் சுமை கூடும்.

மழையில், தேங்கிய தண்ணீரில் போனதும்: ஈரம் காய்ந்ததும் நின்றுவிட்டால் சரி. காய்ந்த பிறகும் தொடர்ந்தால் பெல்ட் தேய்ந்திருக்கலாம், அல்லது தளர்ந்திருக்கலாம்.

'கிரீச்'சா, 'கீச் கீச்'சா, உறுமலா?

நீளமான 'கிரீச்' என்றால் வழுக்கல். அதாவது இறுக்கப் பிரச்சினை. சீரான இடைவெளியில் 'கீச்... கீச்...' என்று குருவி போலக் கேட்டால், ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். இடைவிடாத உறுமல் அல்லது கரகரப்பு என்றால், டென்ஷனர், ஐட்லர் புல்லி, ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் இதில் ஏதோ ஒன்றின் பேரிங் தேய்ந்திருக்கலாம். இந்த உறுமலுக்குப் புது பெல்ட் போட்டால் பணம்தான் வீண்.

மெக்கானிக்குகள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது, பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். சத்தம் உடனே கூடினால் இறுக்கக் குறைவு. சில விநாடி அடங்கி மறுபடியும் வந்தால் புல்லியின் நேர்கோடு தவறியிருக்கலாம். இதை நீங்களே செய்து பார்ப்பதைவிட, பழக்கப்பட்டவரைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று கவனிப்பது நல்லது. ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் துப்பட்டா, விரித்த கூந்தல், கழுத்தில் தொங்கும் ஆபீஸ் ஐடி கார்டு எதுவுமே கூடாது.

பெல்ட்டை எப்படிப் பார்ப்பது?

எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, சூடு ஆறிய பிறகு பாருங்க. சில கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும் என்பதால் அவசரப்பட வேண்டாம். செல்போன் டார்ச் போதும். கண்ணாடி போன்ற பளபளப்பு, பிய்ந்த வரி, ஓரத்தில் நூல் பிரிதல், ஆயில் அல்லது கூலன்ட் கறை இருக்கிறதா என்று கவனிங்க. கறை இருந்தால் முதலில் கசிவைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் புது பெல்ட்டும் சீக்கிரமே கத்தும்.

"விரிசலே இல்லை, அப்புறம் எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பழைய நியோப்ரீன் பெல்ட்டுகளில் வயதானால் விரிசல் தெரியும். இப்போது பெரும்பாலும் வரும் இபிடிஎம் ரப்பர் பெல்ட்டுகள் சுலபத்தில் விரிசல் விடாது; டயர் போல வரி வரியாகத் தேயும். அதனால் பார்வைக்கு நன்றாக இருந்தே பிடி இழந்திருக்கலாம். தேய்மானம் அளக்க அதற்கென கேஜ் இருக்கிறது.

ஸ்பிரே அடிக்கலாமா, இறுக்கலாமா?

பெல்ட் டிரஸ்ஸிங் ஸ்பிரே சத்தத்தை அடக்கும், காரணத்தைத் தொடாது. பிசுபிசுப்பில் தூசி ஒட்டி, கொஞ்ச நாளில் நிலைமை மோசமாகும். "நல்லா டைட் பண்ணிடுங்க" என்பதும் ஆபத்தான யோசனை. அளவுக்கு மேல் இறுக்கினால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகள் சீக்கிரம் போய்விடும். ஆட்டோ டென்ஷனர் உள்ள கார்களில் பெல்ட்டைத் தனியாக இறுக்கும் வேலையே இல்லை. அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் டென்ஷனரையே மாற்ற வேண்டும்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

ஓடிக்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தால், அதோடு டெம்பரேச்சர் ஏறினால், அல்லது ஸ்டீயரிங் திடீரென கனத்தால், பெல்ட் அறுந்திருக்கலாம். பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்க. "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே" என்று ஓட்ட வேண்டாம். வாட்டர் பம்ப் நின்ற எஞ்சின் சீக்கிரம் கொதித்துவிடும். ஹெட் கேஸ்கட் போவதும் சிலிண்டர் ஹெட் வளைவதும் இப்படித்தான். பெல்ட்டுக்கான செலவையும் எஞ்சினைப் பிரிக்கும் செலவையும் ஒப்பிடவே முடியாது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது?

முதலில், சத்தம் வரும்போது செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்க. ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் அது மறைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எப்போது வந்தது, ஏசி போட்டிருந்ததா, மழையா என்பதையும் சொல்லுங்க.

பெல்ட்டைக் கழற்றினால், ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்க. கரகரப்போ ஆட்டமோ இருந்தால் அந்தப் பேரிங்தான் குற்றவாளி. ஆல்டர்னேட்டர் சார்ஜிங்கையும் அளக்கச் சொல்லுங்க: எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும்.

புது பெல்ட் வாங்கினால் அதன் நம்பரைச் சரிபாருங்க. '6பிகே 1200' என்றால் 6 வரிகள், 1200 மில்லிமீட்டர் நீளம். "கிட்டத்தட்ட இதே சைஸ்தான்" என்று வேறு அளவைப் போட ஒத்துக்காதீங்க.

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்க வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்க. குளிர்ந்த எஞ்சினின் முதல் பத்து விநாடி சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்க. ஏசியைப் போட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி இன்னொரு முறை கேளுங்க. விலை பேசுவது அதுக்கப்புறம்.