மலையிறங்கி வந்தாலும் ஓட்டம் நிற்க வேண்டாம்!

ஆசிரியை நியமனம், அரச உத்தியோகத்தில் இடமாற்றம், பல்கலைக்கழக அனுமதி, திருமணம் என்று ஒரு பெண் தன் ஊரை விட்டுப் புறப்படக் காரணங்கள் பல. புதிய ஊரில் வீடு தேடுகிறோம், பிள்ளைகளுக்குப் பாடசாலை தேடுகிறோம், நல்ல தண்ணீர் கிடைக்குமா என்றும் விசாரிக்கிறோம். ஆனால் பாடசாலைக் காலந்தொட்டுப் பழகிய ஓட்டப் பயிற்சியை எப்படித் தொடர்வது என்று எத்தனை பேர் யோசிக்கிறோம்?

அட்டனிலோ நானுஓயாவிலோ தேயிலை மலைப் பாதைகளில் மரதன் ஓடிப் பழகிய ஒருவர் யாழ்ப்பாணத்துக்கோ மன்னாருக்கோ மட்டக்களப்புக்கோ வந்து சேருகிறார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே சமதரை. “இங்கே மேடே இல்லை, வெயிலும் தாங்க முடியவில்லை. இனி ஓடி என்ன பயன்?” என்று சில நாட்களிலேயே சப்பாத்தைக் கழற்றி மூலையில் வைத்து விடுகிறார். பல வருட உழைப்பு இப்படித்தான் வீணாகிறது.

உண்மையில் மலை நமக்குச் செய்த வேலையைச் சமதரையிலும் செய்விக்கலாம். அதற்கு மலை என்ன செய்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

மலை தந்தது என்ன?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏற்றத்தில் ஓடும்போது கெண்டைக்காலும் தொடையின் பின்தசையும் இடுப்புத் தசையும் உரம் பெறுகின்றன. இறக்கத்தில் உடலின் பாரத்தைத் தாங்கித் தாங்கி முன்தொடை பலமடைகிறது. ஏற்றத்தில் இதயம் வேகமாக உழைக்கிறது, இறக்கத்தில் சற்றே ஆறுகிறது. ஆக, தசை உரம், இதய உழைப்பு, இடைக்கிடை ஆறுதல் ஆகிய மூன்றையும் நாம் கேளாமலேயே மலை தந்துவிடுகிறது. சமதரையில் இம்மூன்றையும் நாமே திட்டமிட்டுத் தேடிக்கொள்ள வேண்டும்.

முதல் இரண்டு வாரம்

நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் இருக்க, யாழ்ப்பாணத்தில் அது 28 பாகையை நெருங்குகிறது. காற்றில் ஒட்சிசன் கூடினாலும், உடலைக் குளிர்விக்க இரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குச் செல்வதால் இதயத்துக்கு வேலை அதிகம். மலையில் ஓடிய வேகத்தை இங்கே முதல் நாளே எதிர்பார்ப்பது தவறு.

உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் வேண்டும். அதற்குள் வியர்வை சீக்கிரம் வரத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். இதயத் துடிப்பும் தணியும். அதுவரை நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஓடியபடியே ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடிந்தால் வேகம் சரி. காலை ஆறு மணியளவில் ஓடுவது நல்லது. தலைச்சுற்று, குமட்டல், நடையில் தடுமாற்றம் தோன்றினால் உடனே நிறுத்தி, நிழலுக்குச் சென்று, உடலை நனையுங்கள். மனக்குழப்பம் ஏற்பட்டாலோ மயக்கம் வந்தாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மேடில்லா ஊரில் மேட்டைத் தேடுவோம்

படிக்கட்டு: பாடசாலையிலோ அலுவலகத்திலோ உள்ள மாடிப்படிகளே உங்கள் மலை! வேகமாக ஏறுங்கள், மெதுவாக நடந்து இறங்குங்கள். அந்த மெதுவான இறக்கம் முன்தொடையின் பலத்தைக் காக்கும்.

பாலம்: பெரிய பாலங்களின் இரு முனைகளிலும் சிறு ஏற்றம் உண்டு. வாகன நெரிசல் இல்லாத வேளையில் நடைபாதையில் மட்டும் ஓடலாம்.

மணல்: மென்மணலில் ஓட, கெட்டியான தரையில் ஓடுவதைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேலான சக்தி செலவாகிறது. ஆகவே பத்து நிமிடத்துடன் தொடங்குங்கள். கடற்கரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். போன வழியே திரும்பி ஓடினால் இரு கால்களுக்கும் பாரம் சமமாகும்.

காற்று: சோழகம் வீசும் மாதங்களில் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலோரப் பாதையில் ஓடிப் பாருங்கள். எதிர்க்காற்றும் ஒரு மேடுதான்! காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்பி வாருங்கள்.

சமதரையில் ஒரு தொல்லையும் உண்டு. மலைப்பாதையில் ஒவ்வோர் அடியும் வேறுபடும். சமதரையில் ஒரே அடி ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப விழுவதால் ஒரே தசை, ஒரே மூட்டு களைத்து நோகும். தார் வீதி, மண் ஒழுங்கை, மைதானப் புல் என்று தரையை மாற்றி மாற்றி ஓடுங்கள்.

ஒரு வாரத்துக்கான அட்டவணை

வெப்பத்துக்குப் பழகிய பின், ஏற்கெனவே ஓடிப் பழகியவர்கள் இப்படித் தொடரலாம்.

திங்கள்: ஓய்வு.
செவ்வாய்: 10 நிமிட மெதுவோட்டம். பின் படியிலோ பாலத்திலோ 30 விநாடி ஏற்றம், 8 தடவை.
புதன்: 30 முதல் 40 நிமிட மெதுவோட்டம்.
வியாழன்: வீட்டில் 20 நிமிடத் தசைப்பயிற்சி. குந்தி எழுதல், படியில் நின்று குதிக்கால் உயர்த்தல், ஒற்றைக்காலில் படியேறல்.
வெள்ளி: 10 நிமிட மெதுவோட்டம். பின் 3 நிமிட வேக ஓட்டம், 2 நிமிட நடை. 5 தடவை.
சனி: நடை அல்லது ஓய்வு.
ஞாயிறு: 60 முதல் 90 நிமிட நீண்ட மெதுவோட்டம்.

விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது முதல் நாளே இறக்கத்தில் பாய்ந்து ஓட வேண்டாம். முன்தொடை இரண்டு மூன்று நாட்களுக்கு வலிக்கும்.

உணவில் கவனம்

அதிகம் வியர்ப்பவர்களுக்குத் தண்ணீரோடு உப்பும் தேவை. நீண்ட ஓட்டத்தின் பின் உப்பிட்ட கஞ்சியோ, உப்பும் சீனியும் கலந்த தேசிக்காய்த் தண்ணீரோ நல்லது. மாதவிடாயினால் இரும்புச்சத்தை இழக்கும் பெண்கள் ஓட்டத்தில் சீக்கிரம் களைப்பார்கள். கீரை, பயறு, மீன், நெத்தலி ஆகியவற்றைத் தேசிக்காய்ப் புளியுடன் சேர்த்து உண்ணுங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தொடர்ந்து களைப்பு இருந்தால் இரத்தப் பரிசோதனை அவசியம்.

ஊர் என்ன சொல்லும்?

புதிய ஊரில் மேடு இல்லாததை விடப் பெரிய தடை, தனியாக ஓடும் பெண்ணைப் பார்க்கும் பார்வைகள்தான். இது இன்று நேற்று வந்ததல்ல. 1928ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடியபோது, “பெண்ணுடல் இதைத் தாங்காது” என்று சொல்லி அப்போட்டியை நீக்கினார்கள். அது மீண்டும் சேர்க்கப்பட்டது 1960இல். பெண்களுக்கான மரதன் ஒலிம்பிக்கில் இடம்பெற 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நமது சமதரை மண்ணிலும் முன்மாதிரி உண்டு. முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 72!

ஆகவே, வந்த முதல் வாரத்திலேயே அயல்வீட்டுப் பெண்ணிடமோ உடன் பணிபுரியும் ஆசிரியையிடமோ பேசிப் பாருங்கள். ஓட முடியாதவர் நடந்தாவது வரட்டும். இருவராகப் போனால் பயம் குறையும். வீட்டாரிடம் போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். கணவனும் மாமியும் அந்த ஒரு மணி நேரம் அடுப்பையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டால், அதுவே பெரிய உதவி.

மலையை யாரும் பெட்டியில் கட்டிக்கொண்டு வர முடியாது. ஆனால் மலை தந்த உரம் நம் கால்களில் இருக்கிறது. அதைப் பேணுவதும் இழப்பதும் நம் கையில்தான். நாளைக் காலையே அந்தச் சப்பாத்தைத் தேடி எடுங்கள் சகோதரிகளே!